லேப்டாப்பில் நேரங்காலம் இல்லாமல் வரும் நீலத்திரை: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகி, ஏதோ ஒரு வரியைக் காட்டிவிட்டு லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அடுத்த இரண்டு நாள் ஒரு தொந்தரவும் இல்லை, மூன்றாம் நாள் மறுபடி அதே கதை. கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும். "ஃபார்மட் அடித்துப் பார்க்கலாம்" என்பார்கள். முதல் வேலையாக அதற்குச் சம்மதிக்காதீர்கள். ரேம் (தற்காலிக நினைவகம்) கெட்டிருந்தால் புதிதாகப் போட்ட விண்டோஸிலும் இதே நீலத்திரை வரும். எஸ்எஸ்டி (ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்) சாகும் நிலையில் இருந்தால் ஃபார்மட்டோடு உங்கள் ஃபைல்களும் போய்விடும். ட்ரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கோளாறு என்றால் அந்த ஒரு ட்ரைவரை மாற்றினாலே போதும்.

கெர்னல் எனப்படும் உள்பகுதியில் நடக்கக்கூடாத ஒன்று நடந்து, மேற்கொண்டு ஓடினால் டேட்டா கெட்டுப்போகும் என்ற நிலையில் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அதுதான் நீலத்திரை. நிறுத்தும்போது காரணத்தை ஒரு குறியீடாகக் காட்டி, அந்த நேரத்து நினைவகத்தை ஒரு டம்ப் ஃபைலாகவும் எழுதி வைக்கிறது. 2025-ல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11-ல் இந்தத் திரை கறுப்பாக வருகிறது, சோக முகமும் இல்லை. நிறம் மாறினாலும் விஷயம் ஒன்றுதான்.

குறியீட்டைக் கூகுளில் போட்டுத் தேடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யும்போது வருகிறது? ஒவ்வொரு முறையும் ஒரே குறியீடா, வேறு வேறாக மாறி மாறி வருகிறதா? பாதி வழி இந்த இரண்டிலேயே தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்

ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கோ கிளவுடுக்கோ காப்பி எடுத்துவிடுங்கள். அடுத்தது, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் ரெகவரி கீ. புது லேப்டாப்கள் பலவற்றில் உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கும். பயாஸை (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்தாலோ, செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைத்தாலோ 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றுவிடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய் அந்த எண்ணைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். இது இல்லாமல் ஃபைல்களைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

அப்புறம் தடயம் சேர வழி செய்யுங்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் டேபுக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற பகுதியின் செட்டிங்ஸைத் திறங்கள். 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை நீலத்திரை நீங்கள் படித்து முடிக்கும்வரை நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் டம்ப் வகையை 'ஸ்மால் மெமரி டம்ப்' என்று வையுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு க்ராஷுக்கும் ஒரு சிறிய ஃபைல் சேரும். 'பிசி கிளீனர்' வகை சாஃப்ட்வேர் எதையும் இந்த நாட்களில் ஓட்ட வேண்டாம், அவை முதலில் அழிப்பது இந்த ஃபைல்களைத்தான்.

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக எந்த அப்டேட் ஏறியது, எந்த சாஃப்ட்வேர் போட்டீர்கள், எப்போது க்ராஷ் ஆனது எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களைப் பாருங்கள். "நான் எதையும் மாற்றவே இல்லையே" என்று சொல்பவர்களின் லேப்டாப்பிலும் அந்த நாட்களில் பெரும்பாலும் ஒரு ட்ரைவர் அப்டேட் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ட்ரைவரையும் ரேமையும் பயாஸையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நீலத்திரையே இல்லை, பொசுக்கென்று அணைந்துவிடுகிறது

இது வேறு நோய். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளில் கெர்னல்-பவர் 41 என்ற வரி இருக்கும். பலரும் இதையே காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'முறையாக ஷட்டவுன் ஆகவில்லை' என்பதைத் தவிர அந்த வரியில் ஒன்றும் இல்லை. அதன் டீட்டெய்ல்ஸ் டேபைத் திறந்து 'பக்செக்கோட்' என்ற இடத்தைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் பெரும்பாலும் மின்சாரம் நின்றிருக்கிறது, அல்லது சூட்டினால் லேப்டாப் தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது. பூஜ்யம் அல்லாத எண் என்றால் நீலத்திரை வந்து போயிருக்கிறது, நீங்கள்தான் பார்க்கவில்லை. அந்த எண் பதின்ம முறையில் இருக்கும் என்பதால் இணையத்தில் நேரடியாகத் தேடினால் குழப்பும். பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 124 என்று சொல்லப்படும் பிழை இங்கே 292 என்று இருக்கும். 116 என்பது 278, 133 என்பது 307. கால்குலேட்டரை ப்ரோகிராமர் முறையில் வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

பூஜ்யமாக இருந்தால் பேட்டரி, சார்ஜர், ஃபேன் மூன்றையும் பாருங்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பைச் சார்ஜரிலேயே வைத்து ஓட்டுபவர்களுக்குக் கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலே அணைந்துவிடும். ஃபேன் துவாரத்தில் தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகும். அடிப்பகுதி உப்பி, டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடாதீர்கள், அமுக்காதீர்கள், அன்றைக்கே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறியீடு

இன்றைக்கு மெமரி மேனேஜ்மென்ட், நாளைக்கு ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், அடுத்த நாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா. நடுவில் பிரவுசர் டேப்கள் காரணமில்லாமல் செத்துப்போகின்றன, ஜிப் ஃபைல் பிரிக்கும்போது கெட்டுவிட்டது என்கிறது. இப்படி இருந்தால் என் சந்தேகம் முதலில் ரேம் மேல்தான் போகும். ரேமில் ஏதோ ஒரு இடம் கெட்டிருக்கும். அந்த இடத்தில் எந்த ப்ரோகிராம் வந்து உட்காருகிறதோ அது அடிபடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர்.

விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டலாம். பிழை என்று சொன்னால் நம்பலாம், பிழை இல்லை என்று சொன்னால் அதை வைத்து ரேமை விடுதலை செய்ய முடியாது. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனைக் கருவியைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். செக்யூர் பூட்டை அணைக்காமலே ஓடும். இலவசப் பதிப்பு நான்கு சுற்று வரை ஓட்டும். காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பில் தெரிந்தாலும் ரேமோ அதன் ஸ்லாட்டோ சரியில்லை. "ஒன்றுதானே" என்று விடக்கூடாது, நல்ல ரேமில் பூஜ்யம்தான் வர வேண்டும்.

பிழை வந்தால் திறந்து பார்க்க வேண்டும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். ஏதாவது ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ரேமின் இரு பக்கமும் உள்ள சிறு கிளிப்புகளை வெளிப்பக்கமாக விலக்கினால் ரேம் தானாகவே சாய்வாக எழும்பும். அந்தச் சாய்வோடே இழுத்து எடுங்கள். தங்க நிறப் பற்களில் மங்கல் இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சர்வீஸ் கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேலை நடக்கும்தான், ஆனால் முலாம் தேயும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போகும். நான் அதைச் செய்வதில்லை. திரும்ப மாட்டும்போது பற்கள் கிட்டத்தட்ட முழுதாக மறையும்வரை சாய்வாகச் செருகி, பிறகு கீழே அமுக்கினால் இரண்டு கிளிப்பும் 'டக்' என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் சரியாக உட்காரவில்லை, மறுபடி எடுத்து மாட்டுங்கள்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவைத்து ஒன்றை மட்டும் போட்டுச் சோதியுங்கள். பிறகு அடுத்ததை அதே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பிழை ரேமைத் தொடர்ந்து போனால் ரேம் கெட்டது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் ஸ்லாட் கெட்டது. 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு வேறு கம்பெனியின் 8 ஜிபி ஒன்றைச் சேர்த்த லேப்டாப் என்றால், சேர்த்ததை எடுத்துவிட்டுச் சில நாள் ஓட்டுவதே வேகமான சோதனை. தனித்தனியே நன்றாக ஓடும் இரண்டு ரேம்கள் சேர்ந்து ஓடும்போது மட்டும் தகராறு செய்வது உண்டு.

மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் பிழை வந்தால் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

தூக்கினாலோ, கையை அழுத்தி வைத்தாலோ வருகிறது

மேசைமேல் அசையாமல் இருந்தால் நாள் முழுக்க ஓடுகிறது, மடியில் எடுத்து வைத்ததும் போகிறது என்றால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. மேலே சொன்னபடி ரேமைக் கழற்றி மாட்டுங்கள், எஸ்எஸ்டியின் முனையில் உள்ள ஒற்றை ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் வந்தால் போர்டில் பற்று விரிசல் விட்டிருக்கலாம். சிப் வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

கொஞ்ச நேரம் ஹேங் ஆகி, அப்புறம் நீலம்

மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது, சிறிது நேரத்தில் நீலத்திரை. குறியீடு கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர், கிரிட்டிகல் ப்ராசஸ் டைட், அன்எக்ஸ்பெக்டட் ஸ்டோர் எக்செப்ஷன் இவற்றில் ஒன்று. ரீஸ்டார்ட் ஆனதும் 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது. முழுதாக அணைத்துச் சற்று நேரம் விட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் வருகிறது. இது ஓடிக்கொண்டிருக்கும்போதே எஸ்எஸ்டி காணாமல் போவதன் அடையாளம்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. நீலத்திரையில் சதவீதம் 0-விலேயே நின்றுவிடும், மினிடம்ப் ஃபோல்டரும் காலியாக இருக்கும். டம்ப்பை எழுத வேண்டிய டிஸ்க்கே இல்லாதபோது எங்கே எழுதும்?

இந்த நிலையில் முதலில் சிஎச்கே டிஸ்க் என்ற டிஸ்க் சோதனைக் கட்டளையை ஓட்டாதீர்கள். டிஸ்க்கை விடாமல் படிக்கவைக்கும் அந்த வேலை, சாகும் டிஸ்க்கின் கடைசி மூச்சாகிவிடலாம். முதலில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள். பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற டிஸ்க் நலம் காட்டும் கருவியில் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் ரீஅலோகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு எண்களும் ஏறிக்கொண்டே போகக்கூடாது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' பூஜ்யமாக இருக்க வேண்டும். அங்கே 'குட்' என்று நீல நிறத்தில் காட்டினாலும் அறிகுறி மேலே சொன்னபடி இருந்தால் அறிகுறியைத்தான் நம்புவேன். எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் திடீரென்று தொங்கிப்போவது இந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. எஸ்எஸ்டி கம்பெனியின் டூலில் ஃபர்ம்வேர் (எஸ்எஸ்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போடுங்கள், பலமுறை அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் எஸ்எஸ்டியை மாற்ற வேண்டியதுதான்.

டிபிசி வாட்ச்டாக் வயலேஷன் என்று வந்தால் எஸ்எஸ்டி ஃபர்ம்வேரோடு ஸ்டோரேஜ் ட்ரைவரையும் பாருங்கள். சாட்டா வகை டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்களில் டிவைஸ் மேனேஜரில் உள்ள கன்ட்ரோலருக்கு மைக்ரோசாஃப்ட்டின் 'ஸ்டாண்டர்ட் சாட்டா ஏஎச்சிஐ கன்ட்ரோலர்' ட்ரைவரைத் தேர்ந்தெடுத்தால் நீலத்திரை நின்றுவிடலாம்.

எப்போதும் ஒரே குறியீடு

இங்கே ட்ரைவர்தான் முதல் சந்தேகம். ஒரு ட்ரைவர் செய்யும் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு அப்டேட் ஃபைல் ஏறியதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன, பல நாடுகளில் விமானங்கள் நின்றன. அந்தக் கணினிகளின் ஹார்ட்வேரில் ஒரு குறையும் இல்லை. கெர்னலுக்குள் ஓடும் எதுவும் மொத்த விண்டோஸையும் கவிழ்க்கலாம். ஆன்ட்டிவைரஸ், விபிஎன், கேம்களின் ஆன்ட்டி-சீட் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. இரண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்தால் ஒன்றை இப்போதே நீக்குங்கள்.

எந்த ட்ரைவர் என்று அறிய மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் வின்டிபிஜி என்ற டம்ப் படிக்கும் கருவியில் மினிடம்ப் ஃபைலைத் திறந்து அனலைஸ் கட்டளையை (!analyze -v) தட்டுங்கள். வரும் நீளமான பட்டியலில் 'மாட்யூல் நேம்', 'இமேஜ் நேம்' இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். என்வி என்று தொடங்கினால் என்விடியா, ஆர்டி என்று தொடங்கினால் பெரும்பாலும் ரியல்டெக். என்டி கெர்னல் என்று விண்டோஸின் சொந்த ஃபைலைக் காட்டினால் அதைக் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விபத்து அந்த ஃபைலில் நடந்தது, அவ்வளவுதான். ஐந்தாறு டம்ப்களைத் திறந்து எல்லாவற்றிலும் ஒரே வெளி ட்ரைவர் பெயர் வருகிறதா என்று பார்த்தால்தான் நம்பலாம்.

பெயர் கிடைத்ததும் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் ட்ரைவர்' இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உங்கள் லேப்டாப் மாடலின் சப்போர்ட் பக்கத்திலிருந்து ட்ரைவரை இறக்கிப் போடுங்கள். ட்ரைவர் அப்டேட்டர் என்று விற்கப்படும் சாஃப்ட்வேர்கள் வேண்டவே வேண்டாம், அவை பொருந்தாத ட்ரைவரைத் திணித்த லேப்டாப்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டம்ப்பில் பெயர் வராவிட்டால் ட்ரைவர் வெரிஃபையர் என்ற ஆயுதம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அல்லாத ட்ரைவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அவற்றை நெருக்கிப் பிடித்து, தவறு செய்யும் கணத்திலேயே பெயரோடு க்ராஷ் ஆக்கும். முன்கூட்டியே ரெஸ்டோர் பாயிண்ட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சேமிப்பு) வையுங்கள். பூட் ஆகும்போதே க்ராஷ் ஆகி உள்ளே போக முடியாமல் போகலாம். அப்போது குறைந்தபட்ச ட்ரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடுக்குள் போய் வெரிஃபையரை ரீசெட் செய்ய வேண்டும்.

மூடித் திறக்கும்போது, அல்லது ஷட்டவுன் ஆகும்போது

இங்கே வரும் குறியீடு ட்ரைவர் பவர் ஸ்டேட் ஃபெய்லியர். தூங்கப் போகச் சொன்னால் போகாத, எழுப்பினால் எழாத ஒரு பாகம் இருக்கிறது. வைஃபை கார்டுதான் வழக்கமான ஆள். அதன் ட்ரைவரை மாற்றுங்கள். டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் டேப் இருந்தால், மின்சாரம் சேமிக்க அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். யுஎஸ்பியில் எப்போதும் செருகியிருக்கும் டாங்கிள், ஹப் எல்லாவற்றையும் சில நாள் கழற்றிவையுங்கள்.

கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. கெர்னலை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து மறுநாள் அதையே எடுத்துப் போடுகிறது. ட்ரைவரின் கெட்ட நிலையும் கூடவே வரும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இதற்கான டிக் இருக்கும். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் இதை அணைப்பதால் இழப்பது சில நொடிகள்தான்.

கேம், வீடியோ எடிட்டிங்கின்போது மட்டும்

வீடியோ டிடிஆர் ஃபெய்லியர் என்றால் கிராஃபிக்ஸ் சிப் பதில் சொல்லவில்லை. விண்டோஸ் இரண்டு நொடி காத்திருந்து ட்ரைவரை ரீசெட் செய்து பார்க்கிறது, அதுவும் நடக்காதபோது நீலத்திரை. நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் டிடியூ (டிஸ்ப்ளே ட்ரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற கருவியால் பழைய கிராஃபிக்ஸ் ட்ரைவரைத் துடைத்தெடுத்து, லேப்டாப் கம்பெனி தரும் ட்ரைவரைப் போடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் டிவைஸ் மேனேஜரில் தனி கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் டிசேபிள் செய்துவிட்டு வழக்கமான வேலைகளைப் பாருங்கள். கேம் ஓடாது, ஆனால் நீலத்திரையும் நின்றுவிட்டால் அந்தச் சிப்பையும் அதன் ட்ரைவரையும் தவிர வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. ஓவர்கிளாக் (வேகத்தை ஏற்றுவது), அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைப்பது) செய்திருந்தால் இந்தச் சோதனைகளுக்கு முன்பே பழையபடி ஆக்கிவிடுங்கள்.

டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர் வந்தால் ஹார்ட்வேரே வாய்திறந்து புகார் சொல்கிறது என்று அர்த்தம். ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் பதிவுகளைப் பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற உள் இணைப்பு பற்றிய எச்சரிக்கைகள் குவிந்திருந்தால் எஸ்எஸ்டி அல்லது வைஃபை கார்டின் இணைப்பைச் சந்தேகிக்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' என்பதை ஆஃப் செய்து பாருங்கள். ப்ராசஸர் கோர் பற்றிய பிழை என்றால் சூடு, பயாஸ் அப்டேட் இரண்டையும் பார்த்துவிட்டு, அதற்கு மேல் போர்டு வேலைதான். பயாஸ் அப்டேட் செய்யும்போது சார்ஜர் செருகியிருக்கட்டும், பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

எதிலும் அடங்கவில்லை என்றால்

விண்டோஸ் ஃபைல்கள் கெட்டிருக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அவற்றைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள்: முதலில் டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த், அது முடிந்ததும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். இந்த வரிசை முக்கியம். எஸ்எஃப்சி எந்தக் களஞ்சியத்திலிருந்து நல்ல ஃபைலை எடுக்குமோ அதைத்தான் டிஐஎஸ்எம் சரிசெய்கிறது.

பிறகும் வந்தால் லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். அங்கேயும் உறைந்து நின்றால் பெரும்பாலும் ஹார்ட்வேர்தான். அங்கே நன்றாக ஓடி, விண்டோஸில் மட்டும் விழுந்தால் ஃபார்மட்டுக்கு இப்போது நியாயம் இருக்கிறது. ஆனால் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஓட்டும்போது உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு வேலையே இல்லை. அதனால் இந்தச் சோதனை எஸ்எஸ்டியை மட்டும் விடுவிக்காது. ஃபார்மட்டுக்கு முன் அதை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சரியாகிவிட்டதா என்பதை முடிவு செய்யவும் பொறுமை வேண்டும். தினமும் வந்த நீலத்திரை மூன்று நான்கு நாள் வராவிட்டால் நம்பலாம். வாரத்துக்கு ஒருமுறை வந்ததற்கு மூன்று வாரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். கடையில் கொடுப்பதாக இருந்தால் குறியீடுகளின் படங்கள், தேதி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இதுவரை எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி லேப்டாப்போடு கொடுங்கள். "என்னைக் கேட்காமல் டிஸ்க்கை அழிக்கக்கூடாது" என்று அதே தாளில் எழுதி, ரசீதிலும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.